திருகினால் சத்தம் கேட்கிற மெஷின்

கல்பிட்டிப் பக்கத்து எத்தாளையில் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் முதலில் றுக்கியாவின் வீட்டுக்கு வருவார்கள். அவளையும் கூட்டிக்கொண்டுதான் புத்தளத்துக்கு பஸ் ஏறுவார்கள். கடையில் துணியை விரித்ததும் அவள் ஓர் ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். நல்ல துணி என்றால் பேசாமல் இருப்பாள். சந்தேகம் என்றால் மூக்கருகே கொண்டுபோவாள். அவள் மூக்கருகே கொண்டுபோனால் கடைக்காரரே துணியைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவார். அதற்குப் பிறகு விலை பேசுவதெல்லாம் அவள்தான். வீட்டிலும் இரண்டு அலுமாரி நிறையத் துணி வைத்து அயலில் உள்ள பெண்களுக்கு விற்றாள்.

நாற்பத்தாறு வயது றுக்கியாவுக்குக் கண் தெரியாது. பன்னிரண்டு வயதில், மக்ரிப் தொழுகை முடிந்து இருட்டியதும் பானை சட்டிகளில் இடறத் தொடங்கினாள். மாலைக்கண் என்று வீட்டில் முருங்கையிலையும் ஆட்டு ஈரலும் மாதக்கணக்கில் தின்னக் கொடுத்தார்கள். முப்பது வயதில், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நேரே இருப்பது மட்டும் தெரிந்தது. கண்ணின் பின்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது, இதற்கு மருந்து இல்லை என்று கொழும்பில் டொக்டர் சொன்னார். குழாயும் வருடா வருடம் ஒடுங்கிக்கொண்டே வந்து, கடைசியில் விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் மிஞ்சியது. முருங்கையிலை வீண்போகவில்லை, தலைமயிர் இன்னும் கறுப்பாகத்தானே இருக்கிறது என்று அவள் சொல்லுவாள். அது உண்மைதானா என்று மகள் றிஃப்னாவிடம் அடிக்கடி கேட்டு உறுதிப்படுத்தியும் கொள்ளுவாள்.

அவளுடைய கணவன் ஹமீட் ஆறு வருடமாக டோஹாவில், ஒரு சுப்பர் மார்க்கட்டின் ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருந்தான். கடைசியாக லீவில் வந்துபோன நேரம் றுக்கியாவுக்குப் பகல் வெளிச்சத்தில் ஆட்களின் உருவமாவது தெரிந்தது. அதன் பிறகு நடந்ததை அவள் அவனிடம் சொல்லவில்லை. வீடியோ கோல் வரும்போது போனை எந்த உயரத்தில் பிடிப்பது, முகத்தை எங்கே வைப்பது என்று மகளிடம் பழகி வைத்திருந்தாள். சத்தம் வரும் திசைக்குச் சிரித்தால் போதும், எதிரில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வருடம் இப்படியே ஓட்டினாள். றிஃப்னாவுக்குக் கிழக்கே தூரத்தில் உள்ள ஒலுவில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோதுதான் விசயம் வெளியே வந்தது. உம்மாவைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவள் வாப்பாவிடம் அழுதுவிட்டாள்.

ஹமீட் அன்று முழுக்கப் போன் எடுக்கவில்லை. அடுத்த நாள் எடுத்தான். வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வரப்போவதாகவும், அதற்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதாகவும், அந்த மாதத்துக்கு றுக்கியா டோஹாவுக்கு வர வேண்டும் என்றும் சொன்னான். தான் ஆறு வருடம் இருந்த இடத்தை அவள் பார்க்க வேண்டுமாம். பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தச் சொல்லிலேயே தடுக்கி நின்றான். றுக்கியா அதைக் கண்டுகொள்ளாமல், டிக்கட் எந்த நாளுக்கு என்று கேட்டாள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் உதவி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்ததால் ஓர் ஆள் வீல் செயாருடன் வந்து நின்றான். அதில் ஏறி இருக்கச் சொன்னான்.

“கால் நல்லா இரிக்கி மகன். கண்தான் இல்ல,” என்றாள் றுக்கியா.

அவனுக்கு அது விளங்கியது. ஆனால் உதவி கேட்ட ஆளை வீல் செயாரில் கொண்டுபோய் விடுவதுதான் அவனுக்குச் சொல்லப்பட்ட வேலை. வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனால் மேலதிகாரி ஏசுவார் என்று கெஞ்சினான். கொஞ்ச நேரம் பேசி இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஹமீட்டுக்கென்று ஏழு பொலித்தீன் உறைக்குள் சுற்றிக் கொண்டுவந்த கீரிமீன் கருவாட்டுப் பையை நாற்காலியில் இருத்தி, பட்டியும் போட்டுவிட்டார்கள். றுக்கியா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் விலகி வழிவிட்டார்கள். கருவாட்டுக்கு இப்படி ஒரு மரியாதை கல்பிட்டியில் ஒருநாளும் கிடைத்ததில்லை என்று அவள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

விமானத்தில் மற்றவர்கள் ஏறுவதற்கு முன்பே அவளை ஏற்றினார்கள். பணிப்பெண் ஒருத்தி பக்கத்தில் குந்தி, உயிர்காப்பு அங்கியை அவள் கையில் கொடுத்து, எங்கே இழுப்பது, எங்கே ஊதுவது என்று சிங்களத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். அவசர வாசல் எத்தனை வரிசைக்கு அப்பால் என்பதையும் கையால் எண்ணிப் பழக வேண்டுமாம். றுக்கியா எழுந்து ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் தொட்டு எண்ணிக்கொண்டு நடந்தாள். ஐந்தாவது வரிசையில் அவள் கையில் பட்டது இருக்கை அல்ல, முன்னதாகவே ஏறி அமர்ந்திருந்த ஒரு பெரியவரின் வழுக்கைத் தலை. அவர் திடுக்கிட்டு எழும்ப, அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆறு, ஏழு என்று எண்ணி வாசலைத் தொட்டாள். ஏழு தடவை பறந்த ஹமீட்டுக்கு அவசர வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. அவளுக்கு முதல் பயணத்திலேயே தெரிந்தது.

டோஹாவில் வாசலுக்கு வந்தபோது ஹமீட் காத்துக்கொண்டு நின்றான். அங்கேயும் வீல் செயார், அங்கேயும் அதில் கருவாட்டுப் பை. வெள்ளைப் பிரம்போடு அவள் நடந்து வருவதை அவன் முதல் தடவையாகப் பார்த்தான். அவன் போட்டிருந்த அத்தர் வாசனையை வைத்து அவன் நிற்கிற இடத்தை அறிந்து, அவள் நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

“பையை ஏன் இருத்தி வச்சிரிக்கி?” என்று கேட்டான் அவன்.

“நீங்க அதத்தானே பாத்துக்கொண்டு இரிந்தீங்க,” என்றாள் அவள்.

அந்த ஒரு மாதத்தில் ஹமீட் அவளை முட்டையைத் தூக்குவது போலக் கொண்டு திரிந்தான். படி இருந்தால் படி என்றான், இல்லாவிட்டால் படி இல்லை என்றான். சோற்றைப் பிசைந்து வைத்தான். அவன் கூட்டாளி வீட்டு அறையில்தான் தங்கியிருந்தார்கள். அங்கே குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, சவர்க்காரம் இடப்பக்கம், சவர்க்காரம் இடப்பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் ஒளித்து வைத்ததற்கு இது தனக்குக் கிடைத்த தண்டனை என்று றுக்கியா பொறுத்துக்கொண்டாள். ஆனால் கடைக்குப் போன இடத்தில் மட்டும் பொறுக்கவில்லை.

திரும்பி வருகிற அன்று டோஹா விமான நிலையத்தில், அயலாருக்குக் கொடுக்க வாசனைப் போத்தல்கள் வாங்கப் போனார்கள். விற்கிற பெண் ஹமீட்டைப் பார்த்து, மேடத்துக்கு எந்த மாதிரி வாசனை பிடிக்கும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஹமீட் கொஞ்சமும் யோசிக்காமல் றோஸ் என்றான்.

“மேடம் நோ றோஸ்,” என்றாள் றுக்கியா. “மேடம் ஹியர்.”

அந்தப் பெண் நல்லவள். உடனே அவள் பக்கம் திரும்பி, கடதாசிக் கீற்றுகளில் ஒவ்வொன்றாகத் தெளித்து அவள் கையிலேயே கொடுத்தாள். ஐந்தாவது கீற்றில் றுக்கியாவின் மூக்கு மரத்துப் போனது. அப்போது ஒரு கிண்ணத்தை மூக்கடியில் நீட்டினாள். வறுத்த கோப்பிக் கொட்டை. றுக்கியா அதைப் பல தடவை முகர்ந்துவிட்டு, எல்லாவற்றிலும் இதுதான் திறமான வாசனை, இதில் மூன்று போத்தல் தரச் சொல்லுங்கள் என்றாள். அது மூக்கைக் கழுவத் தருவது என்று ஹமீட் விளக்கியபோது, அந்தப் பெண்ணும் அவளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கடைசியில் எடுத்த போத்தல்களை அவள் தன் போனுக்குக் காட்டினாள். எழுத்தை வாசித்துச் சொல்லும் போன் அது. சென்னைக்காரி போலத் தமிழ் பேசும் அந்தக் குரலுக்கு அவள் போன் புள்ள என்று பேர் வைத்திருந்தாள். போன் புள்ள கடை முழுக்கக் கேட்க, எச்சரிக்கை, தீப்பற்றக்கூடியது, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று அறிவித்தாள். அதை இனிப் பார்த்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று றுக்கியா போனிடம் சொன்னாள்.

விமானத்தில் இருவரும் வேறொரு விசயம் பேசினார்கள். வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கட்டுநாயக்கவில் இறங்கியதும் சுங்கத் தீர்வையில்லாமல் சாமான் வாங்கலாம். ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. றுக்கியாவுக்கு ஒரு வொஷிங் மெஷின் வேண்டும். கிணற்றடியில் அவள் துவைத்ததை றிஃப்னாதான் அழுக்குப் போயிற்றா என்று பார்த்துச் சொல்லுவாள். இனி றிஃப்னா ஒலுவிலில் இருக்கப்போகிறாள். ஹமீட் சரி என்றான், மெஷினே எடுப்போம், வேறு ஒன்றும் வேண்டாம் என்றான். அவன் அதைச் சொன்ன வேகத்தில் ஏதோ ஒன்று பிசகுவது அவளுக்குப் பட்டது. துணிக்கடையில் விலை சொல்லுகிறவனின் குரல் அப்படித்தான் வேகமெடுக்கும்.

கட்டுநாயக்கவில் இறங்கி, காலை எட்டரை மணிக்கு அந்தத் தீர்வையில்லாக் கடைக்குள் போனார்கள். ஹமீட் அவளை ஒரு கதிரையில் இருத்தி, இங்கேயே இரு, மெஷின் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று போனான். இரண்டு பாஸ்போட்டும் அவளுடைய கைப்பையில்தான். அவன் வைத்த இடத்தை மறப்பவன், அவள் மறப்பதில்லை. கொஞ்ச நேரம் இருந்தாள். ஹமீட்டின் சப்பாத்துச் சத்தம் மெஷின் பக்கம் போகவில்லை, கிரிக்கட் வர்ணனை கேட்கிற பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது. றுக்கியா பிரம்பை விரித்துக்கொண்டு எழுந்தாள்.

விற்பனையாளன் ஒருவன் ஓடி வந்தான். பேர் றொகான் என்றான். முப்பது வயது இருக்கலாம், கழுத்துப்பட்டி கட்டிய குரல். கூட வந்தவர் எங்கே என்று முதலில் கேட்டான். வாங்குகிற ஆள் நான்தான் என்று றுக்கியா சிங்களத்தில் சொன்னதும் அவன் பேச்சு மாறியது. எந்த ஊர் என்று அவள் கேட்டாள். முன்னேஸ்வரத்துக்குப் பக்கம் என்றான். அப்படியென்றால் ஒரே மாவட்டம், பார்த்துக் குறைத்துப் போட வேண்டும் என்றாள். விலை எல்லாம் கொம்பியூட்டரில் இருக்கிறது, தன் கையில் இல்லை என்றான். அதைப் பிறகு பார்ப்போம் என்று அவள் மெஷினைக் காட்டச் சொன்னாள்.

அவன் கடையிலேயே புதியதும் பெரியதுமான மெஷினிடம் கூட்டிக்கொண்டு போனான். முன்பக்கம் வட்டக் கதவு. மேலே கண்ணாடிப் பலகை, தொட்டால் வேலை செய்யும். பதினாறு வகையாகத் துவைக்கும் என்றான். றுக்கியா அந்தப் பலகையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை விரலை ஓட்டினாள். கழுவி வைத்த பீங்கான் போல வழுக்கியது. அவள் விரல் போன வழியெல்லாம் மெஷின் பீப் பீப் என்றது.

“இதில எது எதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?”

பழகினால் சுகம், கண்ணை மூடிக்கொண்டே போடலாம் என்று றொகான் சொல்லிவிட்டான். விற்கிறவர்கள் எல்லோரும் சொல்லுகிற சொல்தான். ஆனால் றுக்கியா அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்ப மூடுங்க. மூடிக்கொண்டு பருத்தித் துணிக்குப் போட்டுக் காட்டுங்க.”

அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை, காத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் இன்னும் இரண்டு விற்பனையாளர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவன் கண்ணை மூடினான். வெறும் மெஷினைச் சுற்றவிட்டால் அது சரியாக ஓடுகிறதா என்று எப்படித் தெரியும், உள்ளே ஏதாவது போடுங்கள் என்றாள் றுக்கியா. அவள் போடச் சொன்னது அங்கே கிடக்கும் ஏதாவது ஒரு துணியை. மூடிய கண்ணோடு றொகான் தடவிப் பார்த்தபோது அவன் கையில் அகப்பட்டது, பக்கத்து மெஷின்மேல் அவள் கழற்றி வைத்த கைப்பை. அதை உள்ளே போட்டான், கதவை அடைத்தான், கண்ணாடியில் இரண்டு மூன்று இடத்தில் தொட்டான். மெஷின் ஒரு பாட்டுப் பாடியது. பிறகு கதவுக்குள் டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

றொகான் கண்ணைத் திறந்தான். பருத்தித் துணிக்குப் போட்ட மெஷின் கம்பளிக்கு நின்றது. அதோடு பிள்ளைகள் கை வைக்காமல் இருக்கப் போடும் பூட்டும் விழுந்திருந்தது. தண்ணீர் இணைப்பு இல்லாததால் அது உறுமுவதும் பீப் அடிப்பதுமாக இருந்தது. கதவு அசையவில்லை. றுக்கியா தன் பையைத் தேடி மெஷின்மேல் தடவினாள்.

“என்ட பை எங்க?”

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவன், உள்ளே இருக்கிறது என்று மெல்லச் சொன்னான். அந்த நேரம் பார்த்து ஹமீட் திரும்பி வந்தான். வெறும் கதிரையைப் பார்த்துப் பதறிப்போய், றுக்கியா, றுக்கியா என்று ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டு ஓடி வந்தவன், அவள் முழுதாக நிற்பதைக் கண்டு மூச்சு விட்டான். பிறகு பாஸ்போட் எங்கே என்று கேட்டான். அவள் வட்டக் கதவைத் தட்டிக் காட்டினாள்.

ஹமீட் அவளிடம் கோபித்து எத்தனையோ வருடம். அன்று கோபித்தான். ஓரிடத்தில் இரு என்றால் இருக்கத் தெரியாதா, விழுந்திருந்தால் என்ன செய்வது என்று ஆட்களுக்கு முன்னாலேயே ஏசினான். றுக்கியாவும் விடவில்லை.

“நீங்க மெஷின் பாக்கப் போறண்டு சொல்லிட்டு டீவியப் பாத்துக்கொண்டு நிண்டீங்க. எனக்குக் கேட்டிச்சு.”

மேற்பார்வையாளர் வந்து மின்சாரத்தைத் துண்டித்தார். துண்டித்தாலும் பூட்டு உடனே விடாது, இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும் என்றார். ஆகவே எல்லோரும் அந்த வட்டக் கதவைச் சுற்றி நின்றார்கள், பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே நிற்பது போல. அந்த மூன்று நிமிடத்தில்தான் ஹமீட் மெல்லிய குரலில் எல்லாம் சொன்னான். அறையில் எட்டுப் பேருக்கு ஒரு சின்ன டீவி இருந்ததாம். ஊருக்குப் போனதும் ஒரு பெரிய டீவி எடுத்து, முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருப்பேன் என்று ஆறு வருடம் நினைத்தானாம். இப்போது அதைக் கேட்க வெட்கமாக இருந்ததாம். அவளால் பார்க்க முடியாத சாமானை வாங்கி வீட்டுக்கு நடுவில் எப்படி வைப்பது?

“பாக்கத்தான் ஏலாது. கேக்க ஏலும்தானே,” என்றாள் றுக்கியா. “நீங்க ஆசப்பட்டதச் சொல்லாம வச்சிட்டீங்க. நான் என்ட கண்ணச் சொல்லாம வச்சன். ரெண்டும் சரிக்குச் சரி.”

டக் என்று பூட்டு விட்டது. பை ஈரமில்லாமல் வெளியே வந்தது. றொகான் அதைத் தன் சட்டையில் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வியர்வையையும் துடைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவனுக்குப் புதிய மெஷின் எதையும் காட்டத் தைரியம் வரவில்லை. திருகினால் சத்தம் கேட்கிற மெஷின் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றான், ஆனால் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் அதை எடுப்பதில்லை என்றான். கடைசி மூலையில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் அது நின்றது. இரண்டு தொட்டி உள்ளது. ஒன்றில் துவைத்து மற்றதில் போட்டுப் பிழிய வேண்டும். மேலே மூன்று குமிழ்கள். றுக்கியா முதலாவதைத் திருகினாள். டிக் டிக் டிக் என்று அது திரும்பி வந்தது. இரண்டாவதில் மூன்று நிறுத்தம், ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு. மூன்றாவது பிழிவதற்கு. மூடியைத் தட்டினாள், தொட்டியின் அடியைத் தடவினாள், குழாயை மடித்துப் பார்த்தாள். பழக்கதோசத்தில் மூக்கையும் உள்ளே விட்டாள். றொகான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

“அவக்குப் புடிச்சிரிக்கி,” என்றான் ஹமீட் அவனிடம்.

அந்த மெஷின் மலிவு. எவ்வளவு மலிவு என்றால், ஹமீட்டின் வரம்பில் ஒரு டீவிக்கும் இடம் மிஞ்சியது. அவன் நினைத்த அளவு பெரியதல்ல, ஆனால் காலை நீட்டிக்கொண்டு இருக்கப் போதும். விலையைக் குறைக்க முடியாது என்ற கதையை றுக்கியா திரும்பவும் எடுத்தாள். கொம்பியூட்டர் அசையவில்லை. ஆனால் தன் பாஸ்போட்டைக் கம்பளிக்குப் போட்ட கடை என்று அவள் இரண்டு தடவை சொன்னதும், மேற்பார்வையாளர் மெஷினுக்கு ஓர் உறையும், ஒரு பெட்டி சவர்க்காரத் தூளும் இலவசமாகக் கட்டிக் கொடுத்தார். எத்தாளைத் தண்ணிக்கு சவர்க்காரம் லேசில் நுரைக்காது, ஒரு பெட்டி எத்தனை நாளைக்கு என்று கேட்டு இன்னொரு பெட்டியும் வாங்கினாள்.

வாடகை வேன் வீட்டு வாசலுக்கு வந்தபோது பின்னேரம், அஸர் தொழுகை நேரம். றிஃப்னா ஓடி வந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். மெஷினை இறக்கிக் கிணற்றடிக்குப் பக்கத்துக் கொட்டிலில் வைத்தார்கள். அடுத்த நாள் காலையில் ஹமீட் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெஷினோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உரத்து வாசிக்கத் தொடங்கினான். எந்த வரியையும் விடவில்லை. பெட்டியை எப்படி உடைப்பது என்பதையும் வாசித்தான். ஈரக் கையால் பிளக்கைத் தொடக்கூடாது என்பதை இரண்டு தரம் வாசித்தான். அவன் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்து, முதல் தடவை துவைப்பதற்கு முன்னால் என்ற தலைப்பை வாசித்தபோது, அவன் டோஹாவில் உடுத்திய சாரங்கள் நாலும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

“அதில என்ன போட்டிரிக்கி?” என்று கேட்டாள் றுக்கியா, இரண்டாவது கூடையை மெஷினுக்குள் கொட்டிக்கொண்டே.

ஹமீட் கொடியைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான். பிறகு, சும்மாதான் என்று சொல்லிப் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு, கொடியில் மடிந்து கிடந்த ஒரு சாரத்தை உதறிக் காயப்போட எழுந்து போனான்.